காகிதத்தில் கண்காணிப்புப் பலூன்: எல்லைப் பக்கத்து வார்கேம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வார்கேமுக்காக, அதாவது சிற்றுருவங்களை வைத்து ஆடும் போர் ஆட்டத்துக்காக, முதல் உலகப் போர்க் களத்தை மேசைமேல் விரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கண்காணிப்புப் பலூனைத் தேடுவார்கள். பீரங்கிக்கு இலக்கு சொல்ல மேலே ஓர் ஆள் இல்லாமல் அந்தக் காலத்துப் போரை ஆடினால் பாதி ஆட்டம்தான். ஆயத்த மாதிரி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். காகிதத்தில் செய்துகொண்டால் நானூறு ரூபாய்க்குள் முடியும், பார்வைக்கும் குறைவிருக்காது.

செய்முறைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குத் தெருமுனையில் ஹாபி கடை உண்டு. வாரக்கணக்கில் மழையில் தாள் நமுத்துப்போகும் கவலை கிடையாது. தமிழக-கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ உட்கார்ந்துகொண்டு அவற்றை அப்படியே பின்பற்றினால் காசும் நேரமும் வீணாகும். பொள்ளாச்சியிலும் கோவையிலும் பாலக்காட்டிலும் கிடைக்கிற பொருளை வைத்து, நம் பருவத்துக்கு ஏற்றபடி என்ன செய்யலாம் என்று தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். அவர்கள் கோவை என்ற இடத்தில் சென்னை என்று வைத்துக்கொள்ளலாம்.

1. எந்தப் பலூன், எந்த அளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது காக்கோ வகை. ஆல்பெர் காக்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வடிவமைத்தது; பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுமே பயன்படுத்தின. ஜெர்மானியர்களும் பிற்பாடு அதே அமைப்பைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். ஆகவே எந்தப் பக்கம் ஆடினாலும் ஒரே வார்ப்புரு (அச்சிட்டு வெட்டி ஒட்டுவதற்கான வரைபடம்) போதும். ஜெர்மானியர்களின் பழைய டிராக்கன் வகை தடித்த குழாய் போன்றது. வாலில் கீழ்நோக்கி வளைந்த ஒரு காற்றுப்பை இருக்கும். அந்த வளைவைக் காகிதத்தில் கொண்டுவருவது கடினம். அதை இரண்டாவது பலூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கோவின் ஆர் ரகம் 92 அடி நீளம், 32 அடி விட்டம். மீட்டரில் சுமார் 28, 9.75. இதை அளவுவிகிதத்தால் வகுத்தால்:

1/72: நீளம் 389 மி.மீ., விட்டம் 135 மி.மீ.
1/100: நீளம் 280, விட்டம் 98
1/144: நீளம் 194, விட்டம் 68
1/300: நீளம் 93, விட்டம் 33

28 மி.மீ. சிப்பாய்களோடு ஆடுகிறவர்களுக்கு அதே அளவுவிகிதத்தில் அரை மீட்டர் பலூன் வரும். அது மேசையையே மறைத்துவிடும். பலூன் உயரத்தில், தூரத்தில் இருப்பதாகத்தானே பாவனை? சிப்பாய்களைவிட ஒரு படி சிறிய அளவில் செய்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. முதல் முறைக்கு 1/144 சரியானது. எல்லாத் துண்டும் ஏ4 தாளில் அடங்கும். கீழே வருகிற கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

ஒரு விஷயம். பாலக்காட்டுக் கோட்டை முற்றுகையை ஆட நினைக்கும் நண்பர்கள் நம் பக்கம் உண்டு. அந்த முற்றுகைகள் 1783-லும் 1790-லும் நடந்தவை. போர்க்களத்தில் பலூன் ஏறியது 1794-ல், ஃப்ளூரஸ் போரில்தான். கோட்டைக்கு மேல் பலூனை நிறுத்தாதீர்கள்.

2. மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

இதை இரண்டாவதாகவே சொல்லக் காரணம் உண்டு. இடவப்பாதி தொடங்கி கர்க்கடகம் முடியும் வரை (ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை) காற்றில் இருக்கிற ஈரம் தாளுக்குள் ஏறிவிடும். அப்போது வெட்டிய துண்டு ஒரு அளவு, காய்ந்தபின் வேறு அளவு. பசை காயாது, காய்ந்ததுபோல் இருந்து மறுநாள் இணைப்பு வாய் பிளக்கும். வார்னிஷ் அடித்தால் பால் படிந்தது மாதிரி வெள்ளை பூக்கும். துலாவர்ஷத்திலும் (ஐப்பசி மழையிலும்) இதே கதை.

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும்போது தாள் விறைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று வெட்டிவைத்த துண்டுகளை வாரிக்கொண்டு போய்விடும், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் பசை தூரிகையிலேயே காய்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் ஒட்டுகிற வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் செய்தே ஆகவேண்டும் என்றால், தாளை மூடியிறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் வைத்து எடுத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள்.

3. கோப்பு, உரிமம், பில், பின்கோடு

வார்ப்புருவை நீங்களே வரையலாம், விலைக்கும் வாங்கலாம், இலவசமாகவும் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் உரிமக் குறிப்பைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம், ஆனால் கோப்பையோ செய்த பலூனையோ விற்கக்கூடாது என்பதுதான் பொதுவான நிபந்தனை. சில அச்சுக்கடைகள் படைப்புரிமை வரி இருக்கிற பக்கத்தைப் பார்த்தால் தயங்குவார்கள். உரிமப் பக்கத்தையும் வாங்கிய ரசீதையும் கைபேசியில் வைத்திருந்து காட்டினால் பேச்சு அதோடு முடியும்.

கோவையில் வாங்கி வாளையார் வழியாகக் கொண்டுவருவதில் சிக்கல் எதுவும் இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஆனாலும் பில் வாங்கிவையுங்கள். தாள்கட்டில் உள்ளே ஈரம் பட்டிருந்தால் மாற்றிக் கேட்க அது வேண்டும்.

பலூனில் தொங்கும் கூடைக்குள் நிறுத்தச் சிற்றுருவங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு: கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும், சுங்கத் தீர்வை உண்டு, கையாளும் கட்டணம் தனி. பொருளின் விலையோடு இவை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1/144 அளவில் இடுப்புக்கு மேலே தெரிகிற இரண்டு ஆட்களை அட்டைத் துண்டில் வெட்டி வண்ணம் தீட்டினாலே போதும் என்பது என் கருத்து.

முகவரியில் வெறுமனே சித்தூர் என்று எழுதாதீர்கள். பாலக்காட்டுச் சித்தூருக்கு வரவேண்டிய பொதி ஆந்திரச் சித்தூருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். 678-ல் தொடங்கும் பின்கோடு நம்முடையது, 517-ல் தொடங்குவது அவர்களுடையது. மாவட்டம், மாநிலம் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. வாங்க வேண்டியவை

தாள்: உடலுக்கு 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) பாண்ட் தாள். ஜெராக்ஸ் கடையில் சாதாரணமாக இருக்கிற 80 ஜி.எஸ்.எம். துவண்டுபோகும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். மடிப்பில் வெடிக்கும், பசையும் பிடிக்காது. உடலை உள்ளிருந்து தாங்கும் எலும்புக்கூட்டுக்கு 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை ஒன்று. கோவை டவுன்ஹால் பக்கத்துக் காகிதக் கடைகளில் இரண்டும் கிடைக்கும், சில்லறையாகவும் தருவார்கள். அறுபது எழுபது ரூபாய் ஆகும்.

கத்தி: ஸ்டேஷனரி கடை கட்டரை விட, சர்ஜிக்கல் கடையில் கிடைக்கிற 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் பிளேடும் மேல். பிளேடு மலிவு, ஐந்தாறு வாங்கிக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும்.

பசை: வெள்ளை ஃபெவிகால். தண்ணீர் கலக்காதீர்கள். பசைக்குச்சி வெயிலில் விட்டுவிடும். சூப்பர் க்ளூ தாளில் ஊறிக் கறையாகும். அது கம்பி வேலைக்கு மட்டும். மைதாப் பசை காய்ச்சுகிற பழக்கம் உள்ளவர்கள் இதற்கு அதை எடுக்க வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்.

மற்றவை: ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, பழச்சாறு டப்பாவோடு வரும் மெல்லிய ஸ்ட்ரா, பழைய சி.டி. ஒன்று, இரும்பு வாஷர்கள், பாலியஸ்டர் தையல் நூல், மெழுகுவத்தி, மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. ஸ்ப்ரேதான் இருப்பதிலேயே விலை கூடியது, மொத்தச் செலவில் பாதிக்குமேல் அதற்கே போகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கினால் கட்டுப்படியாகும்.

5. அச்சு எடுக்கும்போது

எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. கடைக் கணினியில் "ஃபிட் டு பேஜ்" என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். அது உங்கள் வார்ப்புருவை இரண்டு மூன்று சதவீதம் சுருக்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. எலும்புக்கூட்டின் வட்டுகளை ஒரு கடையிலும் மேல்தாளை வேறொரு கடையிலும் எடுத்தால் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. "ஆக்சுவல் சைஸ்ல வைங்கண்ணா, சுருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள். கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்துவையுங்கள். முதல் தாள் வந்தவுடன் ஸ்கேலை வைத்து அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.

லேசர் அச்சே நல்லது. இங்க்ஜெட் மை பசை பட்டால் கரையும். வண்ணத் தாளுக்குப் பத்திலிருந்து இருபது ரூபாய். உங்கள் 120 ஜி.எஸ்.எம். தாளை நீங்களே கொண்டுபோனால் சில கடைகளில் குறைத்துக்கொள்வார்கள்.

நாட்டு அடையாளங்களை இங்கேயே சரிபாருங்கள். பிரெஞ்சு வட்டத்தில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷ் வட்டத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். மாற்றி ஒட்டப்பட்ட பலூன்களைப் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன். ஜெர்மன் பலூனில் நேர்க்கோட்டுச் சிலுவை 1918 வசந்தத்துக்குப் பிறகுதான். அதற்குமுன் கைகள் விரிந்த இரும்புச் சிலுவை. அடையாளங்களை உடலோடு சேர்த்து அச்சிடாமல் தனித் தாளில் எடுத்துக் கடைசியில் ஒட்டினால் மேல்தாள் கீற்றுகளின் இணைப்பில் வட்டம் கோணாமல் இருக்கும்.

6. எலும்புக்கூடு

உடலின் நீளம் 194. அகலமான இடம் நடுவில் இல்லை, மூக்கிலிருந்து 75 மி.மீ. தள்ளி. ஐந்து வட்டுகள் வெட்ட வேண்டும். மூக்கிலிருந்து தூரமும் விட்டமும்:

30-ல் 54
75-ல் 68
115-ல் 64
155-ல் 50
180-ல் 32

மேல்தாளின் கனத்துக்காக ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. குறைத்து வெட்டுங்கள். இவற்றைக் கோக்க, பலூனின் புறவரி வடிவில் ஒரு நடு அட்டை. அதைப் படுக்கைவாட்டில் வையுங்கள். மேசையில் ஆடுபவர்கள் பலூனை மேலிருந்துதான் பார்ப்பார்கள். நடு அட்டை செங்குத்தாக இருந்தால் கடைசி இணைப்பு உச்சிமேல் வந்து கண்ணில் படும். படுக்கையில் வைத்தால் இணைப்பு இரு பக்கமும் போய், வாலருகே வால்பைகளின் அடியில் மறைந்துவிடும்.

மூடுவதற்கு முன் இரண்டு வேலை கட்டாயம். ஒன்று, 75-இல் இருக்கிற பெரிய வட்டின் முன்பக்கத்தில் ஸ்ட்ராத் துண்டை நெட்டுக்குத்தலாக ஒட்டுங்கள். தாங்குகம்பி பின்னால் நுழைவது இதற்குள்தான். நடு அட்டையில் அதற்கு ஒரு துளை வேண்டும். இரண்டு, மூக்குப் பக்கம் சிறிய வாஷர் ஒன்றை ஒட்டுங்கள். பின்னால் மூன்று காற்றுப்பைகள் வரப்போவதால் இல்லாவிட்டால் வால் கீழே சாயும். முழுப் பலூனும் ஏறக்குறைய பத்து கிராம்தான், ஆகவே பலூனை விரலில் நிறுத்திப் பார்த்து வாஷருக்கு இடம் தேர்ந்துகொள்ளுங்கள். மூக்கு ஒரு துளி மேல்நோக்கி நிற்பதே அழகு, உண்மையும் அதுதான்.

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இரவு முழுவதும் ஒரு புத்தகத்தின் கீழ் வைக்காமல், நிமிர்த்தி நிறுத்திக் காயவிடுங்கள்.

7. மேல்தாள்: பன்னிரண்டு கீற்றுகள்

தர்பூசணிக் கீற்றின் தோல் போல இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் அகன்ற பன்னிரண்டு துண்டுகள். எந்த இடத்திலும் கீற்றின் அகலம் என்பது அங்குள்ள விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தது. சுருக்கமாக, விட்டத்தை 0.26-ஆல் பெருக்குங்கள். 68 விட்டத்துக்கு 17.7, 54-க்கு 14, 64-க்கு 16.6, 50-க்கு 13, 32-க்கு 8.3.

நீளத்தில்தான் கவனம் தேவை. பலூன் 194 மி.மீ. என்பதால் கீற்றும் 194 என்று வரைந்தால் தாள் வாலுக்கு எட்டாது. கீற்று வளைவின்மேல் போகிறது. வளைவின் நீளம் 218. புறவரியை வரைந்து அதன்மேல் நூலைப் படியவைத்து, ஒவ்வொரு வட்டும் நூலில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் அகலங்களை வைத்துப் புள்ளிகளைச் சேருங்கள். 1/72-ல் செய்கிறவர்களுக்கு இதே நீளம் 436 ஆகும்; ஏ3 தாளின் 420-இலும் அடங்காது. அப்போது கீற்றை அகலமான இடத்தில் இரண்டாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஏ4 தாளின் நீளவாட்டிலேயே கீற்றுகளை அடுக்குங்கள். தாளின் இழை பெரும்பாலும் அந்தத் திசையில்தான் ஓடும், உடலைச் சுற்றி எளிதாக வளையும். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை ஒரு பக்கம் நனையுங்கள். சுருண்டு எந்தக் குழாயாகிறதோ அந்தக் குழாயின் போக்குதான் இழையின் போக்கு.

ஒட்டும் முறை: கீற்றின் ஓரத்தில் பல் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பன்னிரண்டு இடத்திலும் மேடு தெரியும். அதைவிட, ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து, உள்பக்கம் 5 மி.மீ. அகலப் பட்டையை ஒட்டுவது சுத்தம். பட்டையை நீளமாக ஒரே துண்டாக வைக்காமல் இரண்டு செ.மீ. துண்டுகளாக வையுங்கள், வளைவுக்கு இடம்கொடுக்கும். ஒட்டுமுன் ஒவ்வொரு கீற்றையும் மேசை விளிம்பில் மெல்ல இழுத்து வளைவு கொடுங்கள். வெட்டிய ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, அதே நிறத்தில் வாட்டர்கலரைத் தூரிகையின் நுனியால் தொட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்க்காதீர்கள். காகிதப் பலூனைக் காகிதம் என்று காட்டிக்கொடுப்பது அந்த வெள்ளைக் கோடுதான்.

ஆறு ஆறாகச் சேர்த்து மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டாக்குங்கள். ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு, நடுவில் தொடங்கி இரு முனைக்கும். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் விடுங்கள். பொறுமை போய் நான்கைந்தை ஒரே மூச்சில் ஒட்டினால் ஓடு முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிராது. முதலில் கீழ் ஓட்டை எலும்புக்கூட்டில் பொருத்தி, ஸ்ட்ராவின் வாய்க்கு நேரே துளையிட்டு, ஓர் இரவு காய்ந்தபின் மேல் ஓட்டை வையுங்கள். பன்னிரண்டு முனைகள் ஒரே புள்ளியில் சேராது. முனையில் 4 மி.மீ. வெட்டிவிட்டு 10 மி.மீ. வட்டத் தொப்பி ஒட்டுங்கள்.

8. வால்பைகள், கூடை, கயிறுகள்

காக்கோவுக்கு மூன்று வால்பைகள்: பக்கத்துக்கு ஒன்று, நடு அடியில் ஒன்று. உச்சியில் கிடையாது. விமானத்தை நினைத்துக்கொண்டு மேலே ஒன்றை ஒட்டிவிடுகிறவர்கள் அதிகம். இவை காற்று புகுந்து உப்பிய பைகள் என்பதால் தட்டை அட்டையாக வெட்டாமல், இரண்டு தாளை ஓரத்தில் ஒட்டி உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து உப்பச் செய்யுங்கள்.

கூடை 8 மி.மீ. சதுரம், பிரம்புப் பின்னல் அச்சிட்ட தாள். பக்கத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு சிறு உறை ஒட்டினால் அது பாராசூட். பலூனில் நிறைத்தது ஹைட்ரஜன். தீப்பிடித்தால் குதிக்க அந்தப் பாராசூட்தான் கதி. ஆகவே அதை விட்டுவிடாதீர்கள்.

நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்தால் பிசிறு படியும். தரையிலிருந்து வரும் கேபிளைக் கூடையில் கட்டாதீர்கள். கேபிள் தனியாக பலூனின் கயிற்று இணைப்புக்குப் போகும். கூடை அதற்குப் பின்னால் தனிக் கயிறுகளில் தொங்கும். நம் அமைப்பில் 75-இல் கம்பி, 95 வாக்கில் கூடை.

9. தாங்கி

ஸ்போக்ஸ் கம்பியின் வளைந்த தலையை வெட்டிவிட்டு, சி.டி.யின் நடுவில் வாஷர்களை அடுக்கி சூப்பர் க்ளூவால் நிறுத்துங்கள். நூறு கிராம் எடை அடியில் இருந்தால் மின்விசிறிக் காற்றுக்கு அசையாது. ஸ்ட்ராவுக்குள் தளர்வாக இருந்தால் கம்பி நுனியில் கொஞ்சம் நூல் சுற்றுங்கள். உயரத்துக்கு அளவுவிகிதம் பார்க்க வேண்டாம்: ஆயிரம் அடி உயரம் 1/144-ல் இரண்டு மீட்டருக்குமேல் வரும். முப்பது செ.மீ.யே போதும். மேசையில் இரண்டு பலூன் இருந்தால் இரண்டின் மூக்கும் ஒரே திசையில் இருக்கட்டும்; எந்த நாட்டுப் பலூனானாலும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும்.

10. வார்னிஷும் பயணமும்

வெயில் உள்ள நாளில், நண்பகலுக்கு முன், ஓர் அடி தள்ளி நின்று மூன்று மெல்லிய பூச்சு. பூச்சுக்கிடையே அரை மணி நேரம். ஒரே தடவையில் நனைத்தால் தாள் சுருங்கும்.

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போது பலூனைக் கம்பியிலிருந்து கழற்றி, ஷூ பெட்டியில் பழைய துணியால் இரண்டு மேடை செய்து படுக்கவையுங்கள். கூடை தொங்குகிற பக்கம் மேலே இருக்கட்டும். பேருந்தில் தலைக்குமேல் பலகையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பா. அந்தப் பொட்டலங்களை மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை மாற்றிவிடுங்கள். எங்காவது இணைப்பு விட்டால் உடைத்துப் பார்க்காமல், ஊசி நுனியில் பசை எடுத்து இடுக்கில் செலுத்தி, காயும்வரை விரலால் பிடித்திருங்கள்.